புறா வரும் ஞாயிறு

ரெஜீன் தெஹான் என்றால் ஃபீவ் பேட்டையில் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது அவள் கழுத்துதான். வானத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்து அது சற்றுப் பின்னுக்குச் சாய்ந்தபடியே நின்றுவிட்டது. ரொட்டிக்கடையில் சில்லறை கொடுக்கும்போதுகூடக் கடைக்காரியின் தலைக்கு மேலே எதையோ பார்ப்பதுபோல் இருக்கும். வயது ஐம்பத்தொன்பது. லீல் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக் கூடத்தில் முப்பத்தொரு வருஷமாக வேலை.

படுக்கை விரிப்பைக் கையில் எடுத்தாலே அது எந்த வார்டு என்று சொல்லிவிடுவாள். மூன்றாம் மாடிக்குப் போகும் விரிப்புகளை மட்டும் இயந்திரத்தில் மடிக்க விடமாட்டாள். அங்கே கிடப்பவர்கள் வீட்டுக்குத் திரும்பப் போகிறவர்கள் இல்லை. இயந்திரம் மடித்தால் நடுவில் ஒரு வரி எழும்பி நிற்கும், புரள முடியாதவர்களுக்கு முதுகில் உறுத்தும். அதனால் கையாலேயே மடித்து, உள்ளங்கையால் நீவி அனுப்புவாள். மேற்பார்வையாளர் காரணம் கேட்டபோது, "எனக்கு மடிக்கப் பிடிக்கும்" என்றாள். அதற்கு மேல் அவள் எதையும் விளக்கிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

வேலையில் சேர்ந்து வாங்கிய முதல் சம்பளத்தில் ஒரு ஜோடி பந்தயப் புறா வாங்கினாள். புறாக் கழகம் முனைக் காப்பிக்கடையின் பின்னறையில் நடக்கிறது. அப்போது அதில் பெண் என்று யாரும் இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் முதல் முறை உள்ளே போனபோது, பீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார்: "பொம்பளை கை பட்டா புறா முட்டை போடாதும்மா."

"முட்டை போடறதே பொம்பளைதான், முசியே" என்றாள் ரெஜீன்.

அந்த வருஷக் கடைசியில் அவளுடைய பெட்டை ஒன்று, பூர்ழ் ஊரிலிருந்து திறந்துவிட்ட பந்தயத்தில் முதலாவதாக வந்தது. அதற்குப் பிறகு அவளுக்கென்று ஒரு நாற்காலி ஒதுக்கி வைத்தார்கள். ஜெயித்தால் அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவள் பெருமை பேசமாட்டாள். தோற்றவனுக்குச் சர்க்கரைத் தார்த் என்ற இனிப்பு அப்பத்தில் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுப்பாள், அவ்வளவுதான். அதை வாங்குவதற்காகவே தோற்கிறோம் என்று கழகத் தலைவர் ஃபிர்மான் லெபூத்ர் சொல்வார்.

கணவன் ஷெர்வே லாரி ஓட்டினவன். மகள் நொயெமிக்கு நாலு வயசாக இருந்தபோது ஒருநாள், "புறாவா நானா, சொல்லிடு" என்று நின்றான். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் ரெஜீன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அவன் அராஸுக்குப் போய்விட்டான். அவள் உண்மையிலேயே யோசிக்கத்தான் நினைத்தாள். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் யோசித்தாள். அதற்குள் அவன் சட்டைகளையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

நொயெமியைத் தனியாக வளர்த்தாள். அந்தப் பெண்ணுக்குப் பசி என்றால் என்னவென்று தெரியாது, கிழிந்த காலுறை என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். புறா வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் யாரும் இருமக் கூடாது, ஓடக் கூடாது, முற்றத்தில் வெள்ளைத் துணி காயக் கூடாது. பறந்து வரும் புறா கூரையில் உட்கார்ந்துவிட்டால் பந்தயம் முடிந்ததாகாது. கூண்டுக்குள் நுழைந்து, காலில் இருக்கும் வளையம் வாசற்பலகையைக் கடந்து, கடிகாரப் பெட்டி 'பீப்' என்று ஒலித்தால்தான் கணக்கு. கீழே ஏதோ சரியில்லை என்று தோன்றினால் அது கூரையிலேயே உட்கார்ந்திருக்கும். எண்ணூறு கிலோமீட்டர் பறந்து வந்துவிட்டு, கடைசி எட்டு அடிக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

நொயெமி பன்னிரண்டு வயசில் தேவாலயத்தில் புதுநன்மை வாங்கியதற்கு விருந்து. முற்றத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோபுரம்போல் அடுக்கிய கிரீம் உருண்டைக் கேக் வந்து, கத்தியும் வந்தபோது ரெஜீன் வானத்தில் ஒரு புள்ளியைப் பார்த்தாள். "யாரும் அசையாதீங்க" என்றாள். முப்பது பேரும் அசையாமல் இருந்தார்கள். அது வேறு யாருடைய புறாவோ. அவளுடையது வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. கூண்டைவிட்டு அவள் வந்தபோது கேக்கை வெட்டியிருந்தார்கள். நொயெமி அந்தக் கேக்கைப் பற்றி இன்றுவரைக்கும் பேசியதே இல்லை.

இப்போது நொயெமிக்கு இருபத்தொன்பது வயது. ஒரு மருந்துக்கடையில் வேலை. பஸ்தியான் என்ற பையனோடு ரயிலடிக்குப் பக்கத்தில் வீடு எடுத்திருக்கிறாள். பையனுக்குச் சொந்த ஊர் தெற்கே, துலூஸ் பக்கம். கல்யாணம் என்று முடிவான பிறகு அவனுடைய பெற்றோர் ஒரு சனி ஞாயிறு லீலுக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். நொயெமி அம்மாவிடம் ஒரே ஒரு வரம் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு உன் வீட்டுல காப்பி. அன்னிக்கு ஒரு நாள் புறா வேணாம்மா. ஒரே ஒரு ஞாயிறு."

"சரி" என்றாள் ரெஜீன்.

"உனக்குப் பறவைங்கன்னா பிடிக்கும்னு மட்டும்தான் அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"பிடிக்கும்தானே."

வாக்குக் கொடுத்தவள் காப்பாற்றத்தான் நினைத்தாள். அந்த வாரம் கவோர் பந்தயம், வருஷத்தில் பெரியது, மற்றவைபோல் ஞாயிறு இல்லாமல் சனிக்கிழமை நடப்பது. வெள்ளிக்கிழமை கூடையில் ஏற்றினால் லாரி இரவோடு இரவாகத் தெற்கே கவோருக்குப் போகும். சனி விடியற்காலை திறந்துவிடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் புறா கூண்டில். ஞாயிறு காலியாகவே இருக்கும். அதனால் ஒரே ஒரு புறாவை அனுப்பினாள். காலில் நானூற்றுப் பதினேழு என்ற எண் போட்ட நீலப் பெட்டை. பெயர் வைக்கும் வழக்கம் அவளிடம் இல்லை. பெட்டைக்குக் கூண்டில் ஐந்து நாள் குஞ்சு ஒன்று இருந்தது. குஞ்சு பொரித்து ஐந்தாறு நாள் ஆன பெட்டையைப்போல வீட்டை நோக்கிப் பறப்பது வேறு கிடையாது. ரெஜீன் அதற்காக ஏப்ரலிலிருந்து நாள் கணக்குப் பார்த்து ஜோடி சேர்த்திருந்தாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஃபிர்மான் போன் செய்தார்.

"ரெஜீன், வழியில லிமோஷ் பக்கம் மழை கொட்டுது. இன்னிக்குத் திறக்கல. நாளைக்கு."

"நாளைக்கா?"

"நாளைக்குத்தான். ஏன், பூசைக்குப் போறியா?"

"விருந்தாளி வராங்க."

"உனக்கா?" என்றார்.

அன்று இரவு எல்லோரும் பழைய ஊரில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கூடினார்கள். பஸ்தியானின் அப்பா அர்மான் கசாலான் ஓய்வு பெற்ற நில அளவையாளர். நல்ல உயரம், சத்தமான சிரிப்பு. அம்மா மிரெய் சின்ன உருவம். நாள் முழுக்க மழையில் நடந்து ஈரமான தன் காலணிகளை மேஜைக்கடியில் கழற்றி வைத்திருந்தாள். நகரம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. செங்கல் வீடுகளின் நெற்றியில் பழைய முற்றுகைக் காலத்திலிருந்து இன்னும் பதிந்திருக்கும் பீரங்கிக் குண்டுகளை அர்மான் ஒவ்வொன்றாக எண்ணியிருந்தார். பாலாடைக்கட்டியில் மூழ்கிய ரொட்டி வந்ததும் மிரெய் முள்கரண்டியால் அதைக் கிளறி, அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள்.

"காலையிலேருந்து சூரியனைத் தேடறேன், மதாம்" என்றார் அர்மான். "எங்க வெச்சிருக்கீங்க?"

"துவைக்கப் போட்டிருக்கு" என்றாள் ரெஜீன்.

அர்மான் மேஜையைத் தட்டிச் சிரித்தார். மிரெய் சிரிக்கவில்லை. "என் பையன் இங்க வந்து ஆறு வருஷம் ஆச்சு. துவைச்சு முடியல போலிருக்கு" என்றாள்.

"அம்மா" என்றான் பஸ்தியான்.

"என்னடா? வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் வரே. ஏழு மணி நேரம் ரயில்னு சொல்றே. இப்ப நாங்களே உக்காந்து வந்துட்டோம்ல? இடுப்பு ஒடிஞ்சா போச்சு?"

அர்மான் பேச்சை மாற்றினார். "தெஹான்னா பிளெமிஷ் பேராச்சே. பாஷை வருமா?"

"எங்க தாத்தாவுக்கு வரும். எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருக்கு."

"என்ன வார்த்தை?"

மேஜைக்கடியில் நொயெமியின் கால் அம்மாவின் காலை மிதித்தது. 'கோம்' என்றால் 'வா' என்று அர்த்தம். புறாவைக் கூப்பிடும் வார்த்தை. "மறந்துபோச்சு" என்றாள் ரெஜீன்.

"உங்களுக்குப் பறவைங்கன்னா பிடிக்குமாமே" என்றாள் மிரெய். "நாங்களும் மஞ்சக் குருவி ரெண்டு வெச்சிருந்தோம். பூனை தின்னுடுச்சு."

வெளியே வந்ததும் நொயெமி அம்மாவைத் தெருவில் வைத்தே கட்டிக்கொண்டாள். "நீ ரொம்ப நல்லா இருந்தேம்மா. நாளைக்கும் இப்படியே இரு." பந்தயம் தள்ளிப்போனதைச் சொல்வதற்காக ரெஜீன் வாயைத் திறந்திருந்தாள். மூடிக்கொண்டாள்.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. ஏழு மணிக்குச் செய்தி வந்தது: கவோரில் திறந்தாயிற்று, தெளிந்த வானம், லேசான எதிர்காற்று. எழுநூறு கிலோமீட்டர். நாலரைக்கு மேல், ஐந்துக்கு முன். ரெஜீன் கணக்குப் போடக் கூடாது என்று நினைத்திருந்தாள். நினைத்து முடிக்கும் முன்பே போட்டுவிட்டாள்.

பிறகு பந்தய நாள் காலையில் முப்பது வருஷமாகச் செய்வதையெல்லாம் கை தன் பாட்டுக்குச் செய்தது. முற்றத்தில் கிடந்த சிவப்பு வாளியை உள்ளே எடுத்து வைத்தது. குடையை அலமாரிக்குள் போட்டது. வாசல் மணிப் பெட்டியைத் திறந்து பேட்டரி இரண்டையும் கழற்றிக் கவுன் பையில் போட்டுக்கொண்டது. மனம் முழுக்க சர்க்கரைத் தார்த்தில் இருந்தது. மாவு நன்றாக எழும்ப வேண்டும்.

முற்றத்தில் மேஜை போட்டாள். நொயெமி ஆசைப்பட்ட வெள்ளை விரிப்பை எடுத்து விரித்தாள். வெயிலில் அது கண்ணைக் கூசவைத்தது. மேலேயிருந்து பார்க்கிற ஒரு பறவைக்கு இது எப்படித் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். விளிம்புகளை இழுத்து நேராக்கினாள். ஐந்து கோப்பை வைத்தாள்.

நொயெமி மூன்று மணிக்குத் தன் சாவியால் திறந்துகொண்டு தனியாக வந்தாள். மற்றவர்கள் வஸெம் சந்தையில் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு வருவதாக இருந்தது. மேஜையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அப்போதே சொல்லிவிடுவது நல்லது என்று ரெஜீன் சொன்னாள்.

"நேத்து மழை. இன்னிக்குத்தான் திறந்தாங்க."

நொயெமி கைப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். போனை எடுத்து அணைத்து, ரொட்டிப் பெட்டிக்குள், துணிக்கடியில் போட்டு மூடினாள். சிறு வயதில் புறா வரும் நாட்களில், மணி அடித்துவிடக் கூடாதென்று வீட்டுக் கடிகாரத்தைப் போட்டு மூடிய அதே இடம். செய்வது அவளுக்கே தெரியவில்லை.

"எப்பவும் உனக்கு ஏதாவது ஒண்ணு இருக்கும்மா" என்றாள். "மழை இருக்கும். காத்து இருக்கும். பருந்து இருக்கும்."

"ஒரே ஒரு புறாதான் அனுப்பினேன்."

"ஒண்ணு போதாதா? நாலரைக்கு அது வரும். 'யாரும் அசையாதீங்க'ம்பே. பஸ்தியானோட அம்மா கோப்பையைத் தூக்கின கையோட சிலை மாதிரி உக்காந்திருக்கணும். அவங்க ஊருக்குப் போய் என்ன சொல்லுவாங்க?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லுவே."

"கூண்டுக்கு முதுகைக் காட்டி உக்காருவேன். அது வந்தாலும் திரும்ப மாட்டேன்."

"உன்னால முடியாது."

"பாரு."

நொயெமி சட்டென்று நிறுத்தினாள். "நான் ஏன் கிசுகிசுன்னு பேசறேன்?"

"தெரியல" என்றாள் ரெஜீன், அவளும் கிசுகிசுப்பாகவே.

நாலு மணி ஆயிற்று. ரெஜீன் கவுனைச் சரிசெய்துகொண்டு, சொன்னபடியே கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எதிரே நொயெமி. நாலேகால். தார்த்தின் மேல் ஒரு ஈ உட்கார்ந்தது, நொயெமி விரட்டினாள். நாலரை.

"மெட்ரோ நின்னுபோயிருக்கும்" என்றாள் ரெஜீன்.

"இல்ல. நேத்தே முகம் சரியில்ல அவங்க அம்மாவுக்கு. பையனை நாம பிடிச்சு வெச்சுக்கிட்டோம்னு ஒரு கோபம். இன்னிக்குத் தெருவைப் பாத்திருப்பாங்க. திரும்பிப் போயிருப்பாங்க."

"தெருவுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல." நொயெமி விரிப்பின் ஓரத்தை விரலில் சுற்றினாள். "பஸ்தியானாவது ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

போன் ரொட்டிப் பெட்டிக்குள் இருப்பது இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. மகளின் கண் ஓரம் சிவப்பதை ரெஜீன் பார்த்தாள். அந்தப் பன்னிரண்டு வயசு முகத்தை அன்று அவள் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை இப்படித்தான் இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாள்.

அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் உயரத்தில் ஒரு சத்தம். ஈர விரிப்பை ஒரே உதறாக உதறினால் வருமே, அது. பிறகு ஓட்டில் நகம் உரசுவது. எந்தப் புறா என்று அவளுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இறக்கையை மடக்கும் விதத்திலேயே தெரியும்.

"அம்மா" என்றாள் நொயெமி. "வந்துடுச்சு."

"ம்."

"கூரை மேல உக்காந்திருக்கு."

"காப்பி ஆறிடும். ஊத்தட்டுமா உனக்கு?"

அவள் ஊற்றினாள். புறா வெள்ளை விரிப்பை ஒரு கண்ணால் பார்க்கும், பிறகு தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்க்கும். ஒரு ஓடு தள்ளி நடக்கும். அதெல்லாம் அவளுக்கு முதுகிலேயே தெரிந்தது. ஒவ்வொரு நிமிஷமும் எங்கேயோ வேறொரு முற்றத்தில் வேறொரு புறா இறங்கிக்கொண்டிருக்கும். ஏப்ரலிலிருந்து எண்ணிய நாட்கள்.

"மாவு நல்லா எழும்பியிருக்கு" என்றாள் ரெஜீன். "நேத்தே பிசைஞ்சு வெச்சுட்டேன். அதான்."

"விருந்தாளிதான் வரலையேம்மா. போய்க் கூப்பிடு."

"வருவாங்க."

"போம்மா."

"திரும்ப மாட்டேன்னு உன்கிட்ட சொன்னேன்ல? அவங்க வரலைன்னா அந்த வாக்கு மாறிடுமா?" அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றை ஒன்று பிடித்திருந்தது.

நொயெமி அம்மாவைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் இருந்தாள். பிறகு எழுந்தாள். நாற்காலி தரையில் உரசாதபடி கையால் தூக்கி நகர்த்தினாள். கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் தரையில் வைத்தாள். ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. தார்த்தை ஜன்னல் விளிம்புக்கு மாற்றினாள். வெள்ளை விரிப்பை நான்காக, எட்டாக மடித்துத் தன் கவுனுக்குள் சொருகிக்கொண்டாள். நிழலில் நிழலாகச் சுவரை ஒட்டி நடந்து, கூண்டுக்கடியில் தொங்கும் தானியத் தகரத்தை எடுத்து மெதுவாகக் குலுக்கினாள்.

"கோம்" என்றாள். "கோம்... கோம்..."

பதினேழு வருஷமாக அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. குரல் பிசகவில்லை.

ரெஜீன் அசையவில்லை. இறக்கை ஒரு முறை காற்றை அடித்தது. பலகையில் கால் பட்டது. பீப்.

"திரும்பலாம்மா" என்றாள் நொயெமி.

ரெஜீன் திரும்பினாள். பழக்கத்தில் கண் நேராக மேலே போயிற்று. பக்கத்து வீட்டு மாடியில், முற்றத்தைப் பார்த்த ஜன்னலில், நாலு முகங்கள் வரிசையாகத் தெரிந்தன. பஸ்தியான், மிரெய், அர்மான். அர்மானின் வாயை ஒரு தலையணை மூடியிருந்தது. தலையணையைப் பிடித்திருந்தது அந்த வீட்டுக்காரி ஸொஹ்ரா பெல்ஹாஜ். இருபது வருஷமாகப் பந்தய ஞாயிறுகளில் துணி காயப்போடாதவள்.

ஜன்னல் திறந்தது. "உள்ள போயிடுச்சா ரெஜீன்?" என்று கத்தினாள் ஸொஹ்ரா. "இப்ப இவங்களை அனுப்பட்டுமா?"

ரெஜீனின் கை கவுன் பைக்குப் போயிற்று. இரண்டு பேட்டரிகள்.

அவர்கள் உள்ளே வந்ததும் முதலில் பேசியது மிரெய்தான். "ஏழு தடவை அழுத்தினேன். கதவைத் தட்டலாம்னு கையை ஓங்கினா, இந்தம்மா ஓடிவந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'இன்னிக்குப் புறா நாள், தட்டாதீங்க'ன்னு சொல்லி மாடிக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. கேள்வி கேக்க விடல. மூச்சு விட விடல."

"தட்டினா அது பறந்து போயிடாதா?" என்றாள் ஸொஹ்ரா. தான் தப்பு செய்ததாக அவளுக்குத் தோன்றவே இல்லை. "நாலு மணிக்கு வந்தா என்ன, அஞ்சு மணிக்கு வந்தா என்ன? சம்பந்தம்னா ஆயுசுக்கும் இருக்கப்போறது. அது வருஷத்துக்கு ஒரு நாள்தான் அவ்வளவு தூரத்துலேருந்து வருது."

"எனக்கு இருமல் வந்துது, மதாம்" என்றார் அர்மான். "தலையணையை வெச்சு அமுக்கிட்டாங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகியிருந்தா நீங்க எனக்குத்தான் பூசை வெச்சிருக்கணும்."

"ஆறு தடவை போன் பண்ணேன்" என்றான் பஸ்தியான் நொயெமியிடம். அவள் ரொட்டிப் பெட்டியைத் திறந்து பார்த்து, மூடி, கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"மன்னிச்சுக்குங்க" என்றாள் ரெஜீன். "மணியைக் கழட்டினது நான்தான். கை பழக்கம். புறாவைப் பத்திச் சொல்லாததும் நான்தான். நொயெமி மேல தப்பு ஒண்ணும் இல்ல."

மிரெய் கூண்டின் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உள்ளே நீலப் பெட்டை தண்ணீர் குடித்துவிட்டு நேராகக் கூட்டுக்குப் போயிருந்தது. மார்பு இன்னும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. குஞ்சு கழுத்தை நீட்டி அதன் அலகுக்குள் தன் அலகை நுழைத்தது.

"எங்கேருந்து வருது இது?"

"கவோர்."

"கவோரா? எங்க வீட்டுலேருந்து ஒரு மணி நேரம்." அவள் கூண்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எத்தனை மணிக்குக் கிளம்புச்சு?"

"ஏழு மணிக்கு."

"யார் வழி சொன்னது?" என்றார் அர்மான். நாற்பது வருஷம் நூல் பிடித்து நிலம் அளந்தவர் அவர். பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்துவிட்டார். "நேர்கோட்டுலயா வருது? மலை குறுக்கே வந்தா என்ன பண்ணும்?"

"சுத்திட்டு வரும். இது குஞ்சு இருக்கிற பெட்டை, ரொம்பச் சுத்தாது. பொரிச்சு ஏழு நாள்தான் ஆகுது."

மிரெய் மகனைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தியாடா? டிக்கெட்கூட இல்லாம வந்திருக்கு. கத்துக்கோ."

"அது அம்மா, குஞ்சுகிட்ட வருதும்மா. நான் குஞ்சு" என்றான் பஸ்தியான்.

"வாய் மட்டும் வந்துடும்" என்றாள் மிரெய். ஆனால் நேற்றிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். கம்பியில் சாய்ந்தபடியே, "இவ்வளவு களைச்சு வந்தும் முதல்ல தான் தின்னல பாருங்க" என்றாள், யாரிடம் என்றில்லாமல். ரெஜீன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கூண்டுக்குப் பக்கத்தில் அவளுக்குப் போட்டாள். மிரெய் தார்த்தை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினாள். விரிப்பை யாரும் தேடவில்லை. அது நொயெமியின் கவுனுக்குள்ளேயே இருந்தது.

ஏழு மணிக்கு பஸ்தியான் பெற்றோரை விடுதியில் கொண்டு விடப் போனான். போகும்போது அர்மான் தெருவில் நின்று வானத்தைப் பார்த்துத் தென்மேற்கு எது என்று ஸொஹ்ராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நொயெமி பாத்திரம் கழுவ இருந்துவிட்டாள்.

ஃபிர்மான் போன் செய்தார். ரெஜீன் நின்றபடியே கேட்டாள்.

"நாலாவது இடம், ரெஜீன். முதல் ஆளுக்கும் உனக்கும் பதினோரு நிமிஷம்தான். எதிர்காத்துல இது ராட்சசப் பறப்பு. ஏன், கடைசில எங்கயாவது உக்காந்துடுச்சா?"

"விருந்தாளி வந்திருந்தாங்க" என்றாள் ரெஜீன்.

அவர் சிரித்தார். சர்க்கரைத் தார்த் இந்த வாரம் அவளுக்குத்தான் யாராவது செய்து தர வேண்டும் என்றார். அவள் போனை வைத்துவிட்டுத் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நொயெமி கழுவிக் கொடுத்தாள், அவள் துடைத்தாள். நாலு கோப்பை ஆயிற்று.

"பதினோரு நிமிஷமா?" என்றாள் நொயெமி.

"ம்."

"பதினாலு நிமிஷம் கூரை மேல இருந்துது."

ரெஜீன் துடைப்பதை நிறுத்தவில்லை. "நீ எண்ணினியா?"

"சமையலறைக் கடிகாரம் ஜன்னல் வழியா எனக்கு நேரா தெரிஞ்சுது. எண்ணாம என்ன பண்றது?" நொயெமி குழாயை மூடினாள். "நீ ஜெயிச்சிருப்பே."

"இருக்கும்."

"அத்தனை நேரமும் புறாவை நான் பாக்கல. உன் மூஞ்சியைத்தான் பாத்துட்டு இருந்தேன். சின்னதுலேருந்து புறா வரப்போ எனக்கு உன் முதுகுதான் தெரியும். இன்னிக்குத்தான் முன்பக்கம் எப்படி இருக்கும்னு பாத்தேன்."

"எப்படி இருந்துது?"

நொயெமி யோசித்தாள். "அசிங்கமா" என்றாள்.

ரெஜீன் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். முற்றத்தில் புறாக்கள் ஒரு முறை சிறகடித்து அடங்கின. மகள் அடுத்த கோப்பையை அவள் கையில் கொடுத்தாள்.